நகரம் பதினான்கு

அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான்: நகரம் பதினான்கு.
அட்டனில், பழைய சீலைக்கடை மாடியில்,
இரவு எட்டிலிருந்து விடிகாலை நாலு வரை
அதன் தெருப் படங்களில் பெட்டி வரைகிறேன்.
ஆளுக்கு மஞ்சள். சைக்கிளுக்குப் பச்சை.
டிராமுக்கு ஊதா.
ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று
என் பெட்டிகளைப் படித்துத்தான்
ஆளை ஆளென்று தெரிந்துகொள்ளுமாம்.

மூன்று வருடம். அந்த ஊரில்
குப்பை வண்டி வரும் கிழமை எனக்குத் தெரியும்.
மீன்கடை மூடியதும், பக்கத்துப் புத்தகக்கடை மூடியதும்,
இரண்டையும் இடித்துச் சேர்த்து
சன்னலில்லாத பொதிக் கிடங்கு எழும்பியதும் தெரியும்.
அதற்குப் பிறகு அந்த நடைபாதையில்
மஞ்சள் குறைந்துபோனது.
பச்சைதான் எல்லாம்.
முதுகில் சதுரப் பையோடு மிதிக்கிற பையன்கள்,
சிலர் என் நிறம்.

திறப்பு விழாவில் முகாமையாளர் ஷெஹான் சொன்னார்:
"தூரம் என்று இனி ஒன்றுமில்லை, நங்கி.
கொழும்பும் அட்டனும் ஒரே மேசை."
கொழும்பு மேசைக்கு எழுபதாயிரம்.
அட்டன் மேசைக்கு முப்பத்தையாயிரம்.
செத்துப்போன தூரம்
சம்பளச் சீட்டில் மட்டும் மூச்சு விட்டது.

எங்கள் லயத்துக்கு விலாசம் கிடையாது.
கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்;
கிளாக்கர் நினைத்தால் எங்களுக்கும் வரும்.
வரைபடத்தை விரலால் விரித்துப் பார்த்தால்
நோர்வூட் தாண்டி ஒரு சாம்பல் கோடு,
பெயரிடப்படாத வீதி,
அப்புறம் வெறும் பச்சை.
அந்தப் பச்சைக்குள் நாங்கள் நூற்றுப் பதினாறு குடும்பம்.
நான் ஓர்டர் பண்ணிய சப்பாத்து
கொழும்பிலிருந்து சந்திக் கடைக்கு
ஒரே நாளில் வந்து சேர்ந்தது.
சந்தியிலிருந்து மூன்று கட்டை
நான் அதைச் சுமந்து ஏறினேன்.

கார்த்திகையில் மூடுபனிப் படங்கள் வந்தன.
கொழும்பு மேசை கையை விரித்தது.
விதித்தாளும் அதையே சொன்னது:
தெளிவில்லாததை விட்டுவிடு.
நான் விடவில்லை.
வெள்ளைக்குள் ஒரு வெள்ளை கொஞ்சம் கனமாயிருக்கும்;
அது குடை.
குடையிருந்தால் கீழே ஆள் இருந்தே ஆகவேண்டும்.
இரண்டு மங்கலுக்கு நடுவே ஓர் இடைவெளி
அசையாமல் நின்றால்
யாரோ தெருவைக் கடக்க யோசிக்கிறார்.
பெரட்டுக்குப் போகும் அம்மாவை
எதிர்மலையில், முப்பது பேருக்குள்,
கூடையின் சாய்வை வைத்துக் கண்டுபிடித்த கண் இது.
துல்லியம் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு.
அங்கிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார்:
இவர் எங்கே இருக்கிறார்?
ஷெஹான் பதில் போட்டார்:
கொழும்பு.

நேற்று வேன் என்னை நோர்வூட் சந்தியில் இறக்கிவிட்டது.
மேலே மண் சரிந்திருக்கிறதாம்.
போனில் நான்கு கோடும் நிறைய சிக்னல்.
அந்த நான்கு கோட்டில்
டிராம் மணி அடிக்கிற துறைமுகத்தை
இருந்த இடத்தில் பார்க்கலாம்.
செருப்புக்கு அடுத்த அடி எங்கேயென்று தெரியவில்லை.

வளைவில் ஹோர்ன். பிறகு ஒரு மங்கல் மஞ்சள்.
சுகிர்தன் அண்ணனின் ஆட்டோ,
கண்ணாடியை நம்பாமல்
தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டு.
"யாரது ரோட்டுல?"
"கீழ்க்கணக்கு. பத்தாம் லயம். கடைசிக் காம்பரா."
அதுதான் என் முழு விலாசம்.
அவருக்கு அது போதும்.
"ஏறு புள்ள. மண்ணு கெடக்குற எடம் மட்டும் போவும்.
அங்கால நடக்கணும்."

ஏறுவதற்கு முன், பழக்கதோஷம்,
மனசுக்குள் அவரைச் சுற்றி நான்கு மூலை போட்டேன்.
முச்சக்கர வண்டி, ஒன்று:
நகரம் பதினான்கில் கிடையாது, நிறம் தரப்படவில்லை.
ஆள், ஒருவர்.
பாதி மறைந்திருக்கிறார்.